மூத்தோர் இலையில் உட்கார்ந்த வேட்பாளர்

அரசியலில் எதிரியால் கெட்டவர்களைவிட மைத்துனனால் கெட்டவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து. எதிரி தூரத்தில் நின்று கல் எறிவான்; குறி தவறவும் வாய்ப்பு உண்டு. மைத்துனன் பக்கத்திலேயே நின்று, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே ஆளைக் கவிழ்ப்பான். ஆதாரம் கேட்பவர்களுக்கு என்னையே காட்டுவேன். மெர்டேக்கா என்று நாங்கள் சொல்லும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மாநிலத் தேர்தலில் என் அக்காள் புருஷனை வேட்பாளராக நிற்க வைத்தவன் நான். உட்காரக்கூடாத இடத்தில் அவரை உட்கார வைத்தவனும் நான்தான்.

அத்தான் செங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலப்பது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் டிரெஸ்ஸர் பாடு. ஓய்வுக்குப் பிறகு டவுன் ஓரத்துக் காஜா பேராங்கில் வீடு எடுத்துக் குடிவந்தார். தோட்டத்து ஆட்கள் அங்கேயும் தேடி வந்தார்கள். முதலில் உடம்புக்கு மருந்து கேட்டார்கள். பிறகு ஊர் விவகாரத்துக்கும் கேட்டார்கள். குடியுரிமை கேட்டுப் போனேன், அதிகாரி மலாயில் கேள்வி கேட்டார், பதில் வராமல் திரும்பி வந்துவிட்டேன் என்று அழுத கிழவர்கள் உண்டு. அவர்கள் போன பிறகு அத்தானுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் நான்தான், "பேசாம நீங்களே நின்னா என்ன அத்தான்?" என்று கேட்டேன். (கேட்டிருக்க வேண்டாம்.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டவுனில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கழுத்தில் டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. காப்பிக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்து விளக்கம் சொல்லும் பழக்கம் இருந்ததால், நாட்டு நிலவரம் முழுக்க என் விரல் நுனியில் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். கட்சி இல்லாத வேட்பாளருக்கு நானே செயலாளர், மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர், சைக்கிளில் கொடி கட்டுபவன்.

அத்தானுக்குக் கொள்கைகள் இருந்தன. எங்கள் முதல் தொல்லை அதுதான். மற்ற வேட்பாளர்களிடம் காரும் ஒலிபெருக்கியும் இருந்தன. கொள்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இவரோ ஒவ்வொரு விஷயத்திலும் ஒரு முடிவோடு வந்து நின்றார். இங்கே பிறந்தவன் இந்த மண்ணுக்காரன், அதற்குக் காகிதம் இல்லையென்றால் அது அவன் குற்றம் இல்லை என்பார். தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தே ஆகவேண்டும், ஆனால் அங்கே முதல் வகுப்பிலிருந்தே மலாய் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்பார். (முதல் பாதிக்கு ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது, இரண்டாம் பாதிக்கு இன்னொரு கூட்டம்.) தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு அந்த நிலத்துக்கு அவர்கள் பேரிலேயே கிராண்ட், அதாவது பட்டா, எழுதித் தரவேண்டும். காஜா பேராங் சாக்கடையைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது.

இதில் எதெல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. தேர்தல் முடிந்த பிறகு என் வக்கீல் முதலாளி சிரித்துக்கொண்டே விளக்கினார். குடியுரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் கோலாலம்பூர் விவகாரமாம். இங்கே இருப்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது நிலமும் சாக்கடையும்தானாம். நாங்கள் மேடையில் கைதட்டல் வாங்கியதெல்லாம் கோலாலம்பூர் விவகாரத்துக்கு.

கள்ளுக்கடை விஷயத்தில் மட்டும் அத்தானிடம் யாரும் பேச முடியாது. அவருடைய அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் விழுந்து, அங்கேயே செத்துப்போனவர். அம்மாவோடு போய் அவரைத் தூக்கி வந்தபோது அத்தானுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாராம், அக்காள் சொல்லியிருக்கிறாள்.

செமாபோக்கில் தென்னை அதிகம், கள் இறக்குகிறவர்களும் இருந்தார்கள். அங்கே கூட்டத்துக்குப் போகுமுன், கள்ளை விட்டுவிட்டுச் சாக்கடையை மட்டும் பேசுங்கள் என்று நான் ஆலோசனை சொன்னேன்.

"அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பேசறதுக்கு நான் எதுக்கு தம்பி? அதுக்குத்தான் மத்தவங்க இருக்காங்களே."

கள்ளைப் பற்றியே பேசினார். அன்று எங்களுக்கு அங்கே தேத்தண்ணி கூடக் கிடைக்கவில்லை. இந்த மனிதரைத் திருத்த முடியாது, கூட்டம் நடக்கும் இடத்தையாவது நாம் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுப்போம் என்று அப்போதுதான் நான் கம்போங் செட்டியைப் பிடித்தேன்.

கம்போங் செட்டி எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். கம்போங் என்றால் கிராமம்; நம் ஆட்கள் வாயில் கம்பம். பல நூறு வருஷத்துக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வாரிசுகள் அவர்கள். சாமி நம் சாமி, பேர் நம் பேர். பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கட்டுவது சாரோங், கெபாயா. தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளான நாங்கள் அவர்களைக் கோயிலில் பார்ப்போம், சிரிப்போம், அதோடு சரி. அவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. ஆனாலும் அவர்களுடைய பழக்கவழக்கங்கள் பற்றி அத்தானுக்கு நிறைய எடுத்துச் சொல்லியிருந்தேன்.

என் ஆபீஸில் நடராஜா என்று ஒரு கிராணி இருந்தான். அந்தக் கம்பத்துப் பையன். அவன் வீட்டு முன்னால் ஒரு பெரிய மாமரம். அதன் கீழே கூட்டம் போடலாம், அக்கம்பக்கத்து ஆட்களை நான் கூப்பிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம், மத்தியானம் வீட்டில் அப்பாவுக்குக் கும்பிடுகிறோம், அவர் போன பிறகு இதுதான் முதல் வருஷம் என்றும் சொன்னான். அவன் தெளிவாகத்தான் சொன்னான். நான்தான் அதற்குப் பொருள் கண்டுபிடித்தேன். கும்பிட்டால் சாப்பாடு இருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லக் கூச்சப்பட்டு நாலு மணி என்கிறான். பெரிய மனிதர்கள் என்றால் நாமே புரிந்துகொண்டு முன்னதாகப் போகவேண்டும்.

சனிக்கிழமை காலையில் செங்கில் போட்டிருந்த கூட்டம் மழையில் கரைந்துபோனது. இருவரும் நனைந்து, பசியாறாமல், சைக்கிளை மிதித்து மத்தியானமே கம்போங் செட்டிக்கு வந்துவிட்டோம். நேராக வீட்டு வாசலுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அத்தான் அந்தப் பக்கமாக ஓடும் காஜா பேராங் சாக்கடையைப் பார்க்க வேண்டும் என்றார். கண்ணால் பார்க்காத சாக்கடையைப் பற்றி மேடையில் பேசக்கூடாது என்பதும் அவர் கொள்கைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடுகளின் பின்பக்கமாகச் சாக்கடை ஓரமாகவே நடந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அப்படித்தான் நடராஜா வீட்டுப் பின்கதவுக்கு வந்து சேர்ந்தோம்.

கதவு திறந்திருந்தது. மெதுவாகக் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. அடுப்படியைத் தாண்டிக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். பாயின் மேல் வரிசையாக வாழை இலைகள். ஒவ்வொன்றிலும் தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, சம்பால், பலகாரம். ஓரத்தில் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் குவித்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை கமகமவென்று எழுந்தது. முன்கதவு சாத்தியிருந்தது. வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

"வீட்டுக்காரங்க இல்லாம எப்படி உட்காருறது?" என்று அத்தான் தயங்கினார்.

"இவங்க பழைய குடும்பம் அத்தான். விருந்தாளி சாப்பிடும்போது எதிர்ல நிக்க மாட்டாங்க. மரியாதையா ஒதுங்கிக்குவாங்க. அதுதான் இங்க வழக்கம்."

இந்த வழக்கம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? அந்த நிமிஷம் நானே உண்டாக்கியது.

உண்மையான வழக்கத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். பழங்கள் பழுக்கும் பழக்காலத்தில், வருஷத்துக்கு ஒருமுறை, அவர்கள் செத்துப்போன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள். பார்ச்சு என்று பேர். யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டோடு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்கள். போனவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்பதால் யாரும் பேசுவதில்லை. நாங்கள் உள்ளே நுழைந்த நேரத்தில் நடராஜாவும், அவன் அம்மாவும், சொந்தக்காரர்களும் முன்வாசல் மாமரத்தடியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தான் நடு இலையில் உட்கார்ந்தார். அதுதான் பெரிய இலை என்று நான்தான் கை காட்டினேன். பக்கத்து இலையில் நான். எதிரே சுவரில் மாலை போட்ட ஒருவருடைய படம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாடு அற்புதமாக இருந்தது, அதை மறைக்கக்கூடாது. சம்பால்தான் நாக்கைப் பொசுக்கிவிட்டது. கண்ணில் நீர் வழிய அத்தான் இலைக்கு முன்னால் இருந்த தம்ளரை எடுத்து, பால் விடாத தேத்தண்ணி என்று நினைத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அது பிராந்தி. நடராஜாவின் அப்பாவுக்குச் சாப்பாட்டோடு அது வேண்டும்.

அத்தானுக்குப் புரை ஏறியது. முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, பேச வராமல் தம்ளரையே காட்டினார். வாங்கி மோந்து பார்த்தேன். கள்ளுக்கடை ஒழிப்பு வேட்பாளர், தோட்டத்துக் கூட்டங்களில் தன் அப்பாவின் சாவைச் சொல்லி அழுத மனிதர், கூட்டத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் பிராந்தி வாடையோடு நிற்கிறார். அவரை அடுப்படிக்கு இழுத்துப் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது முன்கதவு திறந்தது.

அடுப்படித் திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். முதலில் உள்ளே வந்தது நடராஜாவின் அம்மா. மாக் மீனா என்று கூப்பிடுவார்கள். மாக் என்றால் அம்மா. வெள்ளைக் கெபாயா போட்ட ஒல்லியான பெண்மணி. நடு இலையைப் பார்த்தார். சோறு தீர்ந்திருந்தது, மீன் முள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது, தம்ளர் காலியாகக் கிடந்தது. படத்தைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார்.

"டியா டாத்தாங்," என்றார். அவர் வந்துவிட்டார் என்று பொருள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த யாருக்கும் அதற்குக் குறுக்கே நிற்க மனம் வராது. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் கைகூப்பினார்கள். அக்கம்பக்கத்துக்குச் செய்தி போய், வாசல் நிறைந்துவிட்டது.

என் மூளை அப்போது செய்த கணக்கை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அத்தான் காதில் சொன்னேன்: "பின்பக்கமா போயிட்டு நாலு மணிக்கு வருவோம். நாம வந்த அன்னிக்கு அவங்க அப்பா வந்துட்டாருன்னு இந்தக் கம்பமே நமக்கு ஓட்டுப் போடும். அந்தம்மாவுக்கும் நிம்மதி. பேசாம வாங்க."

அத்தான் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரைச்சீலையை விலக்கிக் கூடத்துக்குள் போய்விட்டார். கூட்டம் பின்வாங்கியது. மாக் மீனா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, சாப்பிட்டது நான்னு இவங்ககிட்ட சொல்லு," என்றார் அத்தான் தமிழில்.

நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா. என் அழகான மலாயில், எங்கள் வேட்பாளர் உங்கள் மகிழ்ச்சியில் பங்கு கொள்கிறார் என்று அறிவித்தேன். (பங்கு கொண்டது உண்மைதானே.)

அத்தானுக்கு மலாய் அவ்வளவாக வராது என்று நினைத்திருந்தேன். ஆயுசு முழுக்க எல்லா இனத்து நோயாளிக்கும் எங்கே வலிக்கிறது என்று கேட்டவர் அவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"சாயா யாங் மாக்கான், மாக். மினும் பூன் சாயா." சாப்பிட்டது நான்தான் அம்மா, குடித்ததும் நான்தான்.

மாக் மீனா அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். நடராஜா என் சட்டையைப் பிடித்தான். உன் அப்பா திதிக்கு வைத்த சோற்றை நான் வந்து தின்றால் நீ என்ன செய்வாய் என்று கேட்டான். அந்த அம்மாவுக்கு முந்தின நிமிஷம் இருந்த முகத்தை நினைத்து, இப்போது இருந்த முகத்தைப் பார்த்தேன். நான் அழுதேன். என் அழுகையை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை, அதுவும் நியாயம்தான்.

மாக் மீனா அத்தானிடம் கேட்டார். நீ சொல்லாமல் போயிருந்தால் அவர் வந்தார் என்றே இருந்திருப்பேனே, எதற்குச் சொன்னாய் என்று. அத்தான் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் உடைந்த மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அடுத்த வருஷமும் இலை போடுவீங்க அம்மா. அப்ப நான் வரமாட்டேன். போட்டது போட்டபடியே இருக்கும். அவருக்கு உங்க மேல என்ன கோபமோன்னு வருஷா வருஷம் அழுவீங்க. அதான் சொன்னேன்."

மாக் மீனா அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ருசியாக இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று அத்தான் தலையாட்டினார். உப்பு? சரியாக இருந்தது. அவருக்கு உப்பு குறைந்தால் பிடிக்காது என்று சொல்லிவிட்டு மாக் மீனா எழுந்தார். புது இலை கொண்டுவரச் சொன்னார். எங்களையும் வெளியே போய்க் குடும்பத்தோடு உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்குத் தனியாகச் சொன்னார்.

மறுபடியும் சமைத்து, படைத்து, கதவைச் சாத்தும்போது நாலு மணி ஆகிவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்களும் விஷயம் தெரிந்து மாமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அந்தத் தேர்தலிலேயே பெரிய கூட்டம் எங்களுக்கு அன்றுதான் சேர்ந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கதவு திறந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, எங்கள் நிலத்துக்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டார். நீளமாக ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தேன். அத்தான் அதைச் சொல்லவில்லை. சட்டம் என்ன என்று தனக்குச் சரியாகத் தெரியாது, விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். சாக்கடையை மட்டும் பார்த்துவிட்டேன், மோசம்தான் என்றார். நடராஜாவுக்கு என் மேல் ஆத்திரம் தீரவில்லை. வேட்பாளர் மேல் பிராந்தி வாடை வருகிறதே, கள்ளுக்கடைக் கொள்கை இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இவ்வளவு நாள் குடிக்காமல் சொன்னேன், இப்போது குடித்துப் பார்த்தும் அதையேதான் சொல்கிறேன் என்றார் அத்தான். முதலில் சிரித்தது மாக் மீனா.

தேர்தலில் தோற்றார். செத்தவர் சோற்றைத் தின்றவன், பூசை வீட்டில் குடித்தவன் என்று எதிர்த்தரப்பு ஊரெல்லாம் சொல்லியது. இரண்டும் உண்மை என்பதால் மறுத்து அறிக்கை விடவும் வழியில்லை. கம்போங் செட்டி யாருக்கு ஓட்டுப் போட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தான் மட்டும் சொன்னபடி நிலச் சட்டத்தை விசாரித்துக்கொண்டு போய்ச் சொன்னார். தோற்ற பிறகு.

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு நான் எந்த விருந்தில் உட்கார்ந்தாலும், "யாருக்குப் போட்ட இலைன்னு கேட்டியா?" என்று ஒரு குரல் வரும். என் கல்யாணத்தில் மணமேடைச் சாப்பாட்டின்போதே வந்தது. என் பேரப்பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். எதற்குக் கேட்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

மாக் மீனா ஒவ்வொரு பழக்காலத்திலும் எங்களுக்குச் சொல்லி அனுப்புவார். கதவு திறந்த பிறகு வந்தால் போதும் என்ற குறிப்போடு. பல வருஷம் கழித்து அத்தான் தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த வருஷம் நடராஜா அக்காளைப் பார்க்க நேரில் வந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உங்கள் வீட்டுக்காரருக்கும் இலை போடலாமா, அம்மா கேட்டு வரச் சொன்னார் என்று மலாயில் சொன்னான். அக்காள் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் தலையாட்டினாள்.

பார்ச்சு அன்று அவர்கள் வீட்டு வாசலில் எல்லாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு கதவைத் திறந்தார்கள். நடு இலைக்குப் பக்கத்தில் அத்தானுக்கு ஒரு இலை. சோறு, மீன், சம்பால், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்காள் அதன் எதிரில் போய் நின்றாள்.

"இப்பவாவது தனக்குப் போட்ட இலையில உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரு," என்றாள்.

சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.